எலக்ட்ரானின் எடை 60 கிலோவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவையாற்றிலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்திவிட்டு 2016-இல் ஓய்வு பெற்றவள். உங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாங்குகிறோம். கொஞ்சம் உரிமையோடு கோபித்துக்கொள்ளப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாணவர் பகுதியில், இயற்பியலில் வரும் பெரிய எண்கள், சிறிய எண்கள் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். "டீச்சர், எலக்ட்ரான் எடை 60 கிலோவா?" என்று கேட்டாள்.

கிண்டல் செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. பெட்டியில் எலக்ட்ரானின் நிறை 9.1 × 10-31 கிலோகிராம் என்று அச்சாகியிருந்தது. பத்தின் தலைக்கு மேல், சின்ன எழுத்தில் உட்கார வேண்டிய மைனஸ் 31, கீழே இறங்கிப் பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 9.1-ஐப் பத்தால் பெருக்கினால் 91. அதில் 31 போனால் 60. பிள்ளை போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. என் எடை 61 கிலோ. எலக்ட்ரானைவிட நான் ஒரு கிலோதான் அதிகம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதே பெட்டியில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 108 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 324 மீட்டர் வரும். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டருக்கு மேல் போகிறது. ஆக, உங்கள் நாளிதழின் உலகத்தில் முதலில் இடி கேட்கும், அப்புறம்தான் மின்னல் தெரியும். அவகாட்ரோ எண் 6.022 × 1023 என்று இருந்தது. அது 6,160 சொச்சம். 18 கிராம் தண்ணீரில் மொத்தமே அவ்வளவு மூலக்கூறுதான் என்றால், நானும் அந்தப் பெண்ணும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மத்தியானத்துக்குள் எண்ணி முடித்துவிடுவோம்.

கணினி வேலையில் இருக்கும் என் தம்பி மகனிடம் கேட்டேன். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்து ஒட்டும்போது மேலே இருக்கும் எழுத்து கீழே விழுந்துவிடும், யாரும் கவனிக்காவிட்டால் அப்படியே அச்சுக்குப் போய்விடும் என்றான். சரி, அது கைத்தவறு. அதற்கு மட்டும் என்றால் ஓர் அஞ்சலட்டை போதும். இவ்வளவு நீளமாக எழுத வைத்தது அதே நாள் இதழின் மூன்றாம் பக்கம்.

அங்கே காவிரி நீர்ச் செய்தி ஒன்றில், 'சுமார் 5 டி.எம்.சி. (14,158.42 கோடி லிட்டர்) தண்ணீர்' என்று இருந்தது. 1 டி.எம்.சி. என்பது 2,831.6847 கோடி லிட்டர். யாரோ அதை ஐந்தால் பெருக்கி, கால்குலேட்டர் காட்டியதை அப்படியே இறக்கிவிட்டார். கோடிக்கணக்கில் புள்ளிக்கு அப்புறம் இரண்டாவது இலக்கம் என்றால் ஒரு லட்சம் லிட்டர். 'சுமார் 5' என்றால் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளியே 2,800 கோடி லிட்டருக்கு மேல். அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு அணைத் தண்ணீர் முன்னே பின்னே இருக்கலாம் என்கிறீர்கள். உள்ளே போனதும் ஏழெட்டு லாரித் தண்ணீர் வரை எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். சுமார் 14 ஆயிரம் கோடி லிட்டர் என்று போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பெட்டியில் எண் எவ்வளவு பெரியது என்ற சேதி விழுந்துபோனது. மூன்றாம் பக்கத்தில், எவ்வளவு தூரம் அளந்து தெரியும் என்ற சேதி விழுந்துபோனது. முதலாவதைப் பார்த்துக்கொள்ள அறிவியல் குறியீடு (எண்ணைப் பத்தின் அடுக்கோடு எழுதுவது) என்ற பாடம், இரண்டாவதுக்கு முக்கிய எண்ணுருக்கள் (அளந்து தெரிந்த இலக்கங்கள்) என்ற பாடம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் அலகிலேயே இருக்கின்றன. ஜூன், ஜூலையில் நடத்தி முடித்துவிடுவோம். அதோடு பிள்ளைகளும் மறந்துவிடுவார்கள், நாங்களும்தான்.

இதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு நியாயமே கிடையாது. ஆயிரம் மில்லியன் கன அடியைத்தான் டி.எம்.சி. என்கிறோம். ஆயிரத்துக்கு மூன்று சுழியம், மில்லியனுக்கு ஆறு, கூட்டினால் ஒன்பது. மேட்டூர் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று சொல்கிற டீக்கடைக்காரர், 93.47 பெருக்கல் பத்தின் அடுக்கு ஒன்பது கன அடி என்றுதான் சொல்கிறார். புத்தக முறைப்படி முன்னால் ஒரே ஓர் இலக்கம்தான் நிற்க வேண்டும், அதனால் 9.347 பெருக்கல் பத்தின் அடுக்கு 10. அது ஒன்றுதான் வித்தியாசம். கோடி என்பதே பத்தின் அடுக்கு 7-க்கு நாம் வைத்திருக்கும் பெயர். பழைய தமிழ் எண் முறையில் மூவாயிரத்தை ௩௲ என்று எழுதினார்கள். மூன்றும் ஆயிரமும் தனித்தனிக் குறி. 2,345 என்றால் ௨௲௩௱௪௰௫. எத்தனை என்பது ஒரு குறியில், எந்த அளவு என்பது இன்னொரு குறியில். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய அன்று கடைசி பெஞ்சு கூட நோட்டில் எழுதிக்கொண்டது.

அந்த டீக்கடையில் ஒரு பெரியவர் உண்டு. "நொடிக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு கன அடி ஒரு நாள் பூரா போனா ஒரு டி.எம்.சி. கணக்கு" என்பார். ஒரு நாளுக்கு 86,400 நொடி. வகுத்துப் பார்த்தால் 11,574 வருகிறது. அவர் 11,500 என்று நிறுத்திக்கொள்கிறார். ஆற்றில் போகிற தண்ணீர் நாள் முழுக்க ஒரே சீராகப் போவதில்லை என்பது கரையிலேயே பிறந்து வளர்ந்த அவருக்குத் தெரியும். மிச்சம் 74 கன அடியைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? முக்கிய எண்ணுருக்கள் என்ற சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார்.

அந்த 93.47 பற்றி எனக்கு ஒரு சந்தேகம் பல நாளாக உண்டு. அணை திறந்தது 1934-இல். அன்றிலிருந்து வண்டல் வந்து படிந்துகொண்டே இருக்கிறது. கொள்ளளவு மட்டும் நாலு இலக்கத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. இதைப் பற்றி நீர்வளத் துறையில் இருந்தவர்கள் யாராவது உங்களுக்கு எழுதினால் ஆவலோடு படிப்பேன். நம் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 1985-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆய்வகத்தில் கால்குலேட்டர் கிடையாது. கிளார்க் டேபிள் என்று சொல்வோமே, மடக்கை அட்டவணை, அதுதான். அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, அண்ணன் படித்துத் தங்கைக்கு வந்த புத்தகம். இன்றைய பிள்ளைகளுக்கு அது அருங்காட்சியகப் பொருள். ஆனால் இந்த இரண்டு பாடத்தையும் நாங்கள் நடத்தாமலேயே அந்தப் புத்தகம் நடத்திக்கொண்டிருந்தது. 4.76-க்கு மடக்கை பார்த்தால் 0.6776. 47.6-க்கு 1.6776. 0.00476-க்கு பார் மூன்று (அதாவது மைனஸ் 3), புள்ளி 6776. புள்ளிக்குப் பின்னால் இருப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், முன்னால் இருப்பது மட்டும் மாறும். அந்த முன்னால் இருப்பதுதான் பத்தின் அடுக்கு. அட்டவணையில் நாலு இலக்கத்துக்கு மேல் கிடைக்காது, ஆகையால் எந்த மாணவனாலும் நாலு இலக்கத்துக்கு மேல் பீற்றிக்கொள்ள முடியாது. புத்தகமே வாயை மூடிவிடும்.

கால்குலேட்டர் வந்ததும் அந்த மூடி கழன்றுவிட்டது.

ஒரு செய்முறை வகுப்பைச் சொல்கிறேன். திருகு அளவியை வைத்து ஒரு குண்டின் விட்டத்தை அளந்து கன அளவு கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வகக் குண்டுகள் காணாமல் போய்க்கொண்டே இருக்கும் (எந்தப் பள்ளியில்தான் இருந்தன?), அதனால் சைக்கிள் கடையில் முன் சக்கர ஹப்புக்குப் போடும் பால்ஸ் ஒரு டஜன் வாங்கி வைத்திருந்தேன். 3/16 அங்குலம். மாணவர்கள் ஒழுங்காக அளந்தார்கள். புரிக்கோலில் 4, தலைக்கோலில் 76, மீச்சிற்றளவு (அளவியால் அளக்க முடிந்த மிகச் சின்ன அளவு) 0.01 மி.மீ., சுழிப்பிழை இல்லை. விட்டம் 4.76 மி.மீ. அருமை. அப்புறம் பை (π) மதிப்பால் பெருக்கு, மூன்று முறை விட்டத்தால் பெருக்கு, ஆறால் வகு என்று கால்குலேட்டரைத் தட்டினார்கள். நோட்டில் விடை: 56.4702201 கன மில்லிமீட்டர்.

ஏன் இத்தனை இலக்கம் என்று கேட்டேன். "கால்குலேட்டர் சொல்லுது டீச்சர்" என்றான் ஒருவன். கால்குலேட்டர் குண்டைப் பார்த்ததா என்று கேட்டேன். குண்டைப் பார்த்தது நீ. நீ பார்த்தது மூன்று இலக்கம். மீதி ஆறு இலக்கம் எங்கிருந்து வந்தது?

அவனையே ஒரு சின்ன வேலை செய்யச் சொன்னேன். திருகு அளவியைப் படிப்பதில் ஒரு பிரிவு முன்னே பின்னே போயிருக்கலாம் அல்லவா, அப்படியானால் 4.75 என்று வைத்து ஒரு முறை, 4.77 என்று வைத்து ஒரு முறை போட்டுப் பார். போட்டான். ஒன்றுக்கு 56.1, இன்னொன்றுக்கு 56.8. அவன் முகம் மாறியதை இன்றும் நினைவு வைத்திருக்கிறேன். புள்ளிக்கு அப்புறம் வருகிற முதல் இலக்கமே 1-க்கும் 8-க்கும் நடுவில் ஊசலாடுகிறது, இவன் ஏழாவது இலக்கம் வரை எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். அந்தக் கடைசி இலக்கத்தின் அளவு என்ன தெரியுமா? நம் ரத்தத்தில் இருக்கும் ஒரே ஒரு சிவப்பணுவின் கன அளவு, ஏறக்குறைய. சைக்கிள் பால்ஸை ஒரு சிவப்பணு வரை துல்லியமாக அளந்துவிட்டதாகப் பதினாறு வயதுப் பையன் எழுதித் தருகிறான், நாங்கள் அதற்கு 'டிக்' போட்டு மதிப்பெண்ணும் தருகிறோம். 56.5 என்று எழுதியவனைவிட இவன் கவனமானவன் என்று நினைத்த ஆசிரியர்களும் உண்டு. நானே ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தேன்.

அதே வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "ஆறால வகுக்கிறோமே டீச்சர், ஆறுக்கு ஒரே இலக்கம்தான். அப்ப விடையும் ஒரே இலக்கம்தானே வரணும்?" நல்ல கேள்வி. அந்த ஆறை யாரும் அளக்கவில்லை, சூத்திரத்தில் வருகிறது. டஜன் முட்டை என்றால் 12 முட்டை, 11.8 முட்டை கிடையாது. எண்ணியதற்கும் வரையறுத்ததற்கும் இந்த விதி பொருந்தாது. ஒளியின் வேகம்கூட 1983-லிருந்து அந்த வகையில் சேர்ந்துவிட்டது: நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, மீட்டரையே அதிலிருந்து வரையறுத்துவிட்டார்கள். அவகாட்ரோ எண்ணும் அப்படித்தான், 2019 மே மாதத்திலிருந்து 6.02214076 பெருக்கல் பத்தின் அடுக்கு 23 என்று நிலைநிறுத்தியாயிற்று. நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி பாவம், இன்னும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். 6.674-க்கு மேல் இலக்கம் சேர்ப்பதற்குள் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது.

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது சுழியத்தில். என் அப்பா தங்க வேலை செய்த ஆசாரி. அவருடைய சின்னத் தராசில் குன்றிமணி போட்டு நிறுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம். அதற்குக் கீழே போனால், "தட்டு தலையாட்டுது, அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்பார். இன்றைக்கு நகைக்கடையில் மின்னணுத் தராசு 8.000 என்று காட்டுகிறது. "புள்ளிக்கு அப்புறம் மூணும் சுழியம்தானே டீச்சர், எதுக்கு எழுதணும்?" என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். வெறும் 8 கிராம் என்றால் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். இடைவெளி ஒரு கிராம். ஒரு கிராம் தங்கம் என்ன விலை என்பதைத் தினமும் நீங்களே போடுகிறீர்கள். 8.000 என்றால் அந்த இடைவெளி ஒரு மில்லிகிராமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த மூன்று சுழியத்தையும் தேவையில்லை என்று கடைக்காரரிடம் ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுவேன்.

ஆனால் 0.008 கிலோ என்று எழுதினால், முன்னால் வருகிற சுழியங்களுக்கு அந்த மரியாதை கிடையாது. பேருந்து ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தத் துண்டு அவை. புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு வேலை முடிந்தது. தொல்லை தருவது 29,000 மாதிரி எண்கள். கடைசியில் நிற்கிற மூன்று சுழியத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, துண்டுதான் கிடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

29,000 என்று சும்மா சொல்லவில்லை. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அடிப்படைக் கோடு அளந்து தொடங்கிய நில அளவை, தெற்கிலும் வடக்கிலும் முக்கோணம் முக்கோணமாக விரிந்தது. 1808-இல் எங்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில், அரை டன் கனமுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி உயரே ஏற்றும்போது மோதி அடிபட்டது. லாம்டன் அதை வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே பழுது பார்த்தார். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்து, எந்த இடத்தில் இடித்திருக்கும் என்று யோசிப்பேன். கருவியில் ஒரு சின்ன வளைவு இருந்தால் அத்தனை கோணத்திலும் அது ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்த அளவைதான் பல பத்தாண்டுகள் கழித்து இமயமலை அடிவாரம் வரை போனது. வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்ட எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை, 1856-இல் ஆண்ட்ரூ வா என்ற அதிகாரி 29,002 அடி என்று அறிவித்தார். கணக்கில் வந்தது மிகச் சரியாக 29,000 என்றும், அப்படியே சொன்னால் குத்துமதிப்பு என்று ஊர் நினைத்துவிடும் என்று பயந்து இரண்டு அடி சேர்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. எவரெஸ்ட் உச்சியில் முதலில் இரண்டு அடி வைத்தவர் அவர்தான் என்று கேலி செய்வார்கள்.

கதையோ நிஜமோ, அந்தச் சங்கடம் நிஜம். 2.9000 பெருக்கல் பத்தின் அடுக்கு 4 என்று எழுதியிருந்தால் இரண்டு அடியைக் கடன் வாங்க வேண்டியதே இல்லை. புள்ளிக்கு அப்புறம் மெனக்கெட்டு மூன்று சுழியம் எழுதியிருக்கிறார் என்றால் அவற்றை அளந்துதான் எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். குத்துமதிப்பு என்றால் 2.9 போதும். என் சைக்கிள் பால்ஸும் அப்படித்தான்: மீட்டரில் எழுதினால் 4.76 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 3, மைக்ரோமீட்டரில் எழுதினால் 4.76 பெருக்கல் பத்தின் அடுக்கு 3. எந்த அலகுக்குப் போனாலும் 4, 7, 6 மட்டும் அப்படியே கூட வருகிறது. அலகை மாற்றியதால் அறிவு கூடிவிடாது, குறைந்தும் விடாது.

இங்கே பாடநூல் எழுதுகிறவர்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை. 'முக்கிய எண்ணுருக்கள்' என்று படித்தவுடன், மற்றதெல்லாம் முக்கியமில்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பொருளுள்ள இலக்கம் என்று சொன்னால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கட்சி. கடைசி இலக்கங்களைச் சுருக்குவதை நம் புத்தகம் 'முழுமைப்படுத்துதல்' என்கிறது. இலக்கத்தை வெட்டுகிற வேலைக்கு முழுமை என்று பெயர்! இலங்கைப் பாடநூல்களில் இதை 'மட்டந்தட்டல்' என்கிறார்கள். எங்கள் பக்கம் மட்டம் தட்டுவது என்றால் அர்த்தமே வேறு. ஆனாலும் கால்குலேட்டரை மட்டம் தட்டுவது என்று நினைத்துக்கொண்டால் எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது.

அறிவியல் வகுப்போடு போகிற சமாசாரம் இல்லை இது. காய்ச்சல் மானியில் 98.6 என்ற இடத்தில் ஏன் கோடு? 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் மனித உடலின் சராசரி வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று எழுதினார். இரண்டே இலக்கம். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 என்று மூன்று இலக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டது. 37 என்றால் 36.5-இலிருந்து 37.5 வரை என்று எடுத்துக்கொண்டால் ஃபாரன்ஹீட்டில் 97.7-இலிருந்து 99.5 வரை வரும். என் நாத்தனார் கொரோனா சமயத்தில் 98.9 காட்டியதற்கு மூன்று நாள் தனி அறையில் இருந்தார். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

மழைச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். வானிலை ஆய்வு மையம் மழையை 14 செ.மீ., 11 செ.மீ. என்று முழு எண்ணாகத் தருகிறது. போன மழைக்காலத்தில் நீங்கள் 14, 11, 16 என்ற மூன்று ஊர் அளவைக் கூட்டி, மூன்றால் வகுத்து, 'சராசரியாக 13.667 செ.மீ. மழை' என்று தலைப்பே போட்டீர்கள். செ.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மழை! தலைமுடியின் பருமன்கூட அதைவிட அதிகம். அதே மையம் புயல் வரும்போது எப்படிச் சொல்கிறது பாருங்கள்: கடற்கரையிலிருந்து சுமார் 310 கி.மீ., சுமார் 280 கி.மீ. என்று பத்துப் பத்தாகத்தான் சொல்லும். அட்சரேகையைப் பாகையின் பத்தில் ஒன்று வரை தருகிறது. அது நிலத்தில் ஏறக்குறைய 11 கி.மீ. மையம் எங்கே இருக்கிறது என்பதே அந்த அளவுக்குத்தான் தெரியும்போது 313 கி.மீ. என்று சொல்லக் கூடாது. சொல்வதில்லை. அந்த அறிக்கையை எழுதுகிறவர் என் மாணவராக இருந்திருந்தால் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்திருப்பேன்.

எல்லா இடத்திலும் குறையுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்த தற்காலிக எண் 7,21,38,958. இறுதி எண் 7,21,47,030. கட்டுரையில் எழுதுகிறவர் 7.21 கோடி என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அட்டவணை போடும்போது எட்டு இலக்கத்தையும் போடத்தான் வேண்டும், எண்ணி எடுத்த எண் அது. ஆதார் எண்ணுக்கு இன்னும் வேறு சட்டம். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் மாணவர்களின் ஆதார் எண்களை எக்ஸெல்லில் ஏற்றினார்கள். 12 இலக்கத்தைப் பார்த்ததும் அது தானாகவே அறிவியல் குறியீட்டுக்கு மாற்றி, ஆறு இலக்கத்தையும் பத்தின் அடுக்கு 11-ஐயும் காட்டிவிட்டது. எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று எழுத்தர் வியர்த்துப் போய் என்னிடம் ஓடி வந்தார். அழியவில்லை, கட்டத்தை 'எண்' (Number) வடிவத்துக்கு மாற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் மனதில் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணாக இருந்திருந்தால் கடைசி இலக்கம் உண்மையிலேயே சுழியமாகிப் போயிருக்கும். ஆதார் எண் ஒரு அளவே இல்லை, அது பெயர். பெயரை யாராவது மட்டம் தட்டுவார்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாணவர் பக்கம் அச்சுக்குப் போகும் முன், பத்துக்கு மேலே நிற்க வேண்டிய எண் மேலே நிற்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். எழுத்துரு இடம் கொடுக்கவில்லை என்றால் பத்தின் அடுக்கு 23 என்று எழுத்திலேயே போடுங்கள், இடம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது. 'சுமார்' என்று எழுதிவிட்டு அதே வரியில் புள்ளி வைத்த எண் வந்தால் உதவி ஆசிரியர் ஒரு முறை நின்று பார்க்கட்டும். ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் பக்கத்தை அனுப்புங்கள். ஏழரைக்குள் திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம். சிவப்பு மசிப் பேனாவைக் கீழே வைத்துப் பத்து வருடம் ஆகிறது, கை துடிக்கிறது.

மாடி வீட்டுப் பெண்ணிடம் எலக்ட்ரானின் நிறையைத் தாளில் திருத்தி எழுதிக் கொடுத்தேன். புள்ளிக்கு அப்புறம் முப்பது சுழியம் போட்டு, அதற்கு அப்புறம் 91 என்று விரித்தும் எழுதச் சொன்னேன். நோட்டின் ஒரு வரி முழுக்க ஓடியது. எழுதி முடித்துவிட்டு, எத்தனை சுழியம் போட்டோம் என்று அவளே இரண்டு முறை எண்ணினாள். முதல் தடவை 29 வந்தது.

ஒரு கடைசி வேண்டுகோள். இந்தக் கடிதத்தில் எங்கேயும் பத்தின் தலைமேல் நான் எண்ணை ஏற்றவில்லை, எல்லாவற்றையும் எழுத்தாலேயே எழுதியிருக்கிறேன். இதையும் அச்சிடும்போது கீழே தள்ளிவிடுவீர்களோ என்ற பயம்தான் காரணம். இடமில்லை என்று சுருக்கினால் எவரெஸ்டை வெட்டிக்கொள்ளுங்கள். சைக்கிள் பால்ஸை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
திருவையாறு.